கோச்: குதிரை வண்டியில் வந்த சொல்

கால்பந்து ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை வறளக் கத்துகிறவரைக் 'கோச்' என்கிறோம். ரயில் நிலையத்தில் "எஸ் 7 கோச் எங்கே நிற்கும்?" என்று கேட்கும்போதும் அதே சொல்தான் வாயில் வருகிறது. இவை ஒலி மட்டும் ஒத்துப்போகும் இரு சொற்கள் அல்ல, ஒரே சொல்லின் இரு பொருள்கள்.

வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் நடுவே, ஹங்கேரியில் கோச் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அந்த ஊர்த் தச்சர்கள் செய்த இலகுவான, வேகமான குதிரை வண்டி ஐரோப்பா முழுதும் பேர் எடுத்தது. ஊர்ப் பெயரே வண்டியின் பெயராகி, ஜெர்மன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நம்மிடமும் அது வண்டியாகத்தான் முதலில் வந்து சேர்ந்தது. நம் பழைய உரைநடையில் கோச்சு வண்டி ஓடும், அதை ஓட்டுகிறவர் கோச்சுவான். யாழ்ப்பாணத்தில் ரயிலுக்கே கோச்சி என்று பெயர். பெரம்பூரில் 1955இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) பெயரில் நடுவே இருப்பதும் இந்தக் கோச்தான். அங்கே அதற்குத் தமிழ் 'பெட்டி'.

வண்டி எப்படி மனிதர் ஆனது? 1830களில் ஆக்ஸ்ஃபர்டு மாணவர்கள், தேர்வுக்குத் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரைக் கோச் என்று அழைத்தார்கள். மாணவனை ஏற்றிக்கொண்டு போய்த் தேர்வுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறவர் என்பது அவர்கள் கற்பனை. 1860களில் இந்தப் பொருள் விளையாட்டுக்கும் பரவியது. அமெரிக்கர்கள் கால்பந்துக்குச் சொல்லும் 'சாக்கர்' என்ற சொல்லும் அதே மாணவப் பேச்சுவழக்கில் பிறந்ததுதான். 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்ற நீண்ட பெயரில், முதற்சொல்லின் நடுவே உள்ள soc என்ற துண்டை மட்டும் எடுத்து, er என்ற வால் ஒட்டிச் செய்தது.

இந்தச் சொல்லுக்கு ஓர் ஆளைக் காட்டச் சொன்னால் நான் கால்பந்து ஆட்டக்காரராக இருந்து கோச் ஆன பிரெக்கியைக் காட்டுவேன். முழுப்பெயர் பிரெட்ராக் ரடோசாவ்லியெவிச். 1963இல் பெல்கிரேடில் பிறந்து, ரெட் ஸ்டார் அணியில் இருந்தவர். 1985இல் அமெரிக்காவின் டக்கோமா ஸ்டார்ஸ் அணிக்கு உள்ளரங்கக் கால்பந்து ஆடப் போனார். பனி ஹாக்கி அரங்கின் அளவுள்ள களம், பனிக்குப் பதில் செயற்கைப் புல், கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். களத்தைச் சுற்றிப் பலகைச் சுவர். பந்து சுவரில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். டக்கோமா 1987இல் உள்ளரங்க லீகின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம் வரை போய் டல்லாஸிடம் தோற்றது. அன்று டக்கோமா டோமில் 21,728 பேர் கூடியிருந்தார்கள். 1989இல் அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் பிரெக்கிதான்.

பிறகு இங்கிலாந்தில் எவர்டன், போர்ட்ஸ்மத். 1996இல் அமெரிக்காவின் முதன்மைக் கால்பந்து லீகான எம்.எல்.எஸ். தொடங்கியதும் கான்சஸ் சிட்டி. இடது காலால் உதைக்கப்போவதுபோல் போக்குக் காட்டுவார். தடுப்பவர் சாய்ந்ததும் பந்தை வெட்டி இழுத்து, மறுபடி அதே இடது காலால் அடிப்பார். இதைத்தான் செய்யப்போகிறார் என்று எதிரணியில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடிந்ததில்லை. அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின், 1998 பிப்ரவரியில் கோல்ட் கோப்பை அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக 65ஆவது நிமிடத்தில் அவர் அடித்த ஒற்றை கோல்தான், அந்த அணிமீது அமெரிக்கா பெற்ற முதல் வெற்றி. எம்.எல்.எஸ். சிறந்த ஆட்டக்காரர் விருதை 1997இலும் 2003இலும் வாங்கினார். இரண்டாவது விருதின்போது வயது 40. 2007இல் சீவாஸ் யு.எஸ்.ஏ. அணியின் பொறுப்பேற்ற முதல் ஆண்டிலேயே சிறந்த கோச் விருது. 2014இல் சாக்ரமென்டோ ரிபப்ளிக் அணியை அதன் முதல் பருவத்திலேயே எம்.எல்.எஸ்ஸுக்குக் கீழ்நிலை லீகில் சாம்பியன் ஆக்கினார். பின்னாளில் சியாட்டில் சவுண்டர்ஸ் அணியில் தலைமை கோச் பிரையன் ஷ்மெட்சருக்கு உதவியாளர் ஆனார். ஷ்மெட்சரும் டக்கோமாவில் உள்ளரங்கம் ஆடியவரே.

இவரைத் தமிழில் என்னவென்று எழுதுவது? தமிழ்நாட்டுச் செய்திகளில் 'பயிற்சியாளர்' நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழ் ஏடுகள் 'பயிற்றுவிப்பாளர்' என்கின்றன. எனக்குச் சரியென்று படுவது 'பயிற்றுநர்'. பயிற்சியாளர் என்றால் பயிற்சி உடையவர், பயிற்சியில் இருப்பவர் என்றும் பொருள்படும். அலுவலக அறிவிப்புகளில் பயிற்சி பெற வந்தவரையும் அப்படியே எழுதுகிறார்கள். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒரே பெயர் இருந்தால் படிப்பவர் என்ன செய்வார்? பயில்பவர் பயிலுநர், பயிற்றுபவர் பயிற்றுநர் என்று எழுதினால் குழப்பமே இல்லை. இலங்கை வழக்கில் அந்தக் குழப்பம் கிடையாது. சொல்தான் சற்று நீளம்.

வேர்ச்சொல்லும் இந்தத் தொழிலுக்கு அவ்வளவு பொருந்துகிறது. 'பயில்' என்பது வெறும் படிப்பு அல்ல. அடிக்கடி நிகழ்தல், திரும்பத் திரும்பப் பழகுதல். "நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு" என்ற குறளில் பயில்தல் என்பது பழகுவதுதான். ஆங்கிலச் சொல்லுக்குள் மாணவன் வண்டியில் உட்கார்ந்து போகிறான். தமிழ்ச் சொல்லில் அவனே செய்ய வேண்டும், செய்ய வைப்பவர் பயிற்றுநர். எதிரிக்குத் தெரிந்தும் தடுக்க முடியாத அந்த வெட்டு, கால் எத்தனை ஆயிரம் முறை பயின்றதோ!

மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. அமெரிக்க அணிகளில் 'ட்ரெய்னர்' என்று இருந்தால் பெரும்பாலும் அவர் காயங்களைப் பார்த்துக்கொள்பவர்; அவரைப் பயிற்றுநர் என்று எழுதினால் பொருளே மாறிவிடும். இங்கிலாந்தில் 'மேனேஜர்' என்பவர் அணியைத் தேர்ந்தெடுப்பதோடு ஆட்டக்காரர்களை வாங்குவது விற்பதிலும் கை வைப்பவர், ஆகவே அங்கே மேலாளர் என்பதே பொருத்தம். அமெரிக்காவின் 'ஹெட் கோச்' தலைமைப் பயிற்றுநர். அவருக்குக் கீழே உதவிப் பயிற்றுநர், கோல்கீப்பர் பயிற்றுநர்.

எழுத்திலும் ஒரு திருத்தம் தேவை. பயிற்றுனர் என்று றன்னகரம் போட்டு எழுதுவது இணையத்தில் பரவியிருக்கிறது. இது 'நர்' ஈறு. அனுப்புநர், பெறுநர், ஓட்டுநர், நடத்துநர் எல்லாவற்றிலும் வருவது இந்தத் தந்நகரமே. ஆகவே பயிற்றுநர்.