லினக்ஸுக்கு மாறும் முன்: மென்பொருள் மோடம் கற்றுத்தந்த பாடம்

விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்தியது. அதன் பிறகு, நாகர்கோவிலில் கணினி பழுது பார்க்கும் எங்களிடம் பழைய கணினியைக் கொண்டுவந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தரச் சொல்பவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். நல்ல முடிவு. ஓடுகிற கணினியைக் குப்பைக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கை அழிப்பதற்கு முன், அந்தக் கணினியோடு சேர்ந்த ஒவ்வொரு பொருளையும் பற்றி ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். தன் வேலையைத் தானே செய்யும் முழுச் சாதனமா இது, விண்டோஸுக்குள் இருக்கும் ஒரு மென்பொருளை நம்பி நிற்கும் பாதிச் சாதனமா? எங்கள் தொழிலில் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்கியது, தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி இணையத்துக்குள் நுழைந்த டயல்-அப் காலத்து மென்பொருள் மோடம். மோடம் என்பது கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவி.

நகரத்துக்கு பிராட்பேண்ட் வந்த பிறகும், எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளியிருந்த மலையோர வீடுகளுக்கு அது உடனே எட்டவில்லை. குலசேகரம், அருமனை பக்கமெல்லாம் டயல்-அப்தான். வளைகுடாவில் இருக்கும் மகனின் மின்னஞ்சலும் கோட்டயம் சந்தையின் ரப்பர் விலையும் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். வைரஸ் தொல்லை தாங்காமல் லினக்ஸுக்கு மாறியவர்களுக்குத் திரை வரும், பாட்டு கேட்கும், தமிழ் எழுத்து தெரியும். இணையம் மட்டும் வராது. “நேற்று வரைக்கும் ஓடியதே மக்களே, ஒரே ராத்திரியில் மோடம் எப்படிக் கெட்டுப்போகும்?” என்று ஒரு ரப்பர் தோட்டக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. மோடம் கெடவே இல்லை. அவருடைய மோடத்தின் பெரும்பகுதி விண்டோஸோடு சேர்ந்து அழிந்துபோயிருந்தது.

தொலைபேசிக் கம்பியில் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் ஒழுங்காகப் போகும். அந்தக் குறுகலான வழியில் தகவலை ஒலியாக மாற்றி அனுப்ப வேண்டும். எதிர்முனையின் ஒலியைப் பிரித்தெடுக்க வேண்டும். தான் அனுப்பியதே எதிரொலியாகத் திரும்பி வருவதைக் கழிக்க வேண்டும். பழைய வெளி மோடங்களில் இந்தக் கணக்குகளுக்கென்று ஒரு சிக்னல் பிராசசரும், கட்டளைகளைப் புரிந்துகொள்ள ஒரு கட்டுப்பாட்டு சிப்பும் இருந்தன. ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த, ஏ.டி. என்று தொடங்கும் கட்டளைகளை சீரியல் போர்ட் என்ற பழைய இணைப்பு வழியாக அனுப்பினால் போதும். விண்டோஸா லினக்ஸா என்பது அந்த மோடத்துக்குத் தெரியவே தேவையில்லை.

1990களின் பிற்பகுதியில் கணினி பிராசசர்கள் வேகமெடுத்ததும், மலிவு மோடங்களிலிருந்து இந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அட்டையில் மிஞ்சியது கம்பியோடு இணைக்கும் மின்சுற்று, கம்பியை இணைத்துத் துண்டிக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச், ஒலியை எண்ணாக மாற்றும் சிப், அவ்வளவுதான். மற்றதெல்லாம் விண்டோஸ் டிரைவருக்குள், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருளுக்குள் போனது. வின்மோடம் என்று இவற்றை அழைத்தார்கள். பெட்டியின் மேல் நொடிக்கு 56 கிலோபிட் வேகம் என்று சொல்லும் 56கே என்ற எழுத்து மட்டும் முழு மோடத்தில் இருப்பது போலவே பெரிதாக இருக்கும். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. இது சரியல்ல என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

லினக்ஸில் இவற்றை ஓடவைக்க முதலில் சிப்பின் பெயர் தெரிய வேண்டும். அட்டையில் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயரை நம்பக் கூடாது; ஒரே பெயரில் வெவ்வேறு சிப்புகளைப் போட்டு விற்பார்கள். கணினியில் உள்ள அட்டைகளைப் பட்டியலிடும் எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற லினக்ஸ் கட்டளை காட்டும் தயாரிப்பாளர் எண்தான் ஆதாரம். 11சி1 என்றால் லூசென்ட், 14எஃப்1 என்றால் கோனெக்ஸன்ட், 1057 என்றால் மோட்டோரோலா, 8086 என்றால் இன்டெல். லூசென்ட் அட்டைகளில் ஒரு வகை, சிக்னல் பிராசசரை அட்டையிலேயே வைத்திருக்கும், அவை எல்.டி.மோடம் டிரைவரில் நன்றாக ஓடின. கோனெக்ஸன்ட் சிப்புகளுக்கு லினக்ஸன்ட் நிறுவனத்தின் டிரைவர் இருந்தது. அதன் இலவசப் பதிப்பில் வேகம் 14.4 கிலோபிட்டுக்கு மேல் போகாது, முழு வேகத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.

மடிக்கணினிகளில் பெரும்பாலும் மோடம் ஒலிப்பகுதியின் ஒட்டுறவாகவே இருந்தது. இதற்கு லினக்ஸின் அல்சா ஒலி டிரைவரோடு ஸ்மார்ட்லிங்க் நிறுவனத்தின் எஸ்.எல்.மோடம்.டி. என்ற நிரலைச் சேர்த்து ஓட்ட வேண்டும். ரூட் எனப்படும் நிர்வாகி அனுமதியோடு, நாடு இந்தியா என்று குறிப்பிட்டு இதை இயக்கினால், டி.டி.ஒய்.எஸ்.எல்.0 என்ற பெயரில் ஒரு மெய்நிகர் போர்ட் உருவாகும். அந்தப் பெயரை, எண்ணைச் சுழற்றி இணைக்கும் நிரலான டபிள்யூ.வி.டயலின் அமைப்புக் கோப்பில் கைப்பட எழுதிவிடுவது நல்லது. அதே கோப்பில் ‘கேரியர் செக்’ என்ற வரிக்கு ‘நோ’ என்று போட்டே ஆக வேண்டும். இணைப்பு இருக்கிறது என்று தெரிவிக்கும் உண்மையான கேரியர் கம்பி மெய்நிகர் போர்ட்டில் கிடையாதல்லவா? அந்த வரி இல்லாவிட்டால் எதிர்முனை எடுத்துப் பேசத் தொடங்கிய பிறகும், இணைப்பு இல்லை என்று முடிவு செய்து டபிள்யூ.வி.டயல் வெளியேறிவிடும். சரியாக அமைத்த டிரைவரைக் குறை சொல்லிப் பலர் கைவிட்ட இடம் இதுதான். ‘நோ டயல்டோன்’ என்று வந்தால், ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பாருங்கள். நமக்கு டயல்டோன் கேட்டு மோடத்துக்குக் கேட்கவில்லை என்றால் ஏ.டி.எக்ஸ்.3 கட்டளையைச் சேர்க்க வேண்டும். டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும்.

டிரைவரைக் கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் வடிவுக்கு மாற்ற, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அப்போது ஓடுகிற பதிப்பின் ஹெடர் கோப்புகள் வேண்டும். அவற்றை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்குத்தான் டிரைவரே. அதனால் வீட்டுக்குப் போகும் முன் வாடிக்கையாளரிடம் கெர்னல் பதிப்பு எண்ணைத் தொலைபேசியில் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் சிடியில் எழுதிக் கொண்டுபோவோம். டயல்-அப்பில் உட்கார்ந்து இறக்குவதென்றால், கம்பி மிகச் சுத்தமாக இருந்து 56 கிலோபிட் முழுதாகக் கிடைத்தாலும் ஒரு மெகாபைட்டுக்கு இரண்டரை நிமிடம் ஆகும். நம் ஊர்க் கம்பிகளில் அந்த வேகம் கிடைக்காது.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. முறுக்கிச் சேர்த்த இணைப்புகளில் ஈரம் இறங்கினால் ரிசீவரில் கரகரப்பு கேட்கும். பேச்சு அதைத் தாங்கிக்கொள்ளும். மோடம் தாங்காது, வேகத்தைக் குறைத்துக்கொண்டே போய்த் துண்டித்துவிடும். மென்பொருள் மோடத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: கணினி வேறு வேலையில் மும்முரமாகி, ஒலியைக் கணக்கிட நேரத்துக்கு வராவிட்டாலும் இணைப்பு போய்விடும். இரண்டையும் பிரித்தறியாமல் டிரைவரை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஐப்பசி மாத இடிமின்னல் தனிக் கதை. மின்சாரப் பிளக்கைப் பிடுங்கியவர்கள் தொலைபேசி வயரை அப்படியே விட்டுவிடுவார்கள். மின்னல் அந்த வழியாக வந்து கம்பி இணைப்புப் பகுதியை எரித்துவிடும். அதற்குப் பிறகும் எல்.எஸ்.பி.சி.ஐ. அந்த அட்டையைக் காட்டும், டிரைவர் ஏறும். டயல் செய்யும்போது ரிலேயின் ‘டிக்’ சத்தம் கேட்கிறதா, டோன் கிடைக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இப்படிப் பாடுபட்டு ஓடவைத்த மோடம், அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் மீண்டும் நின்றுபோகும். டிரைவரின் முக்கியப் பகுதி, மூல நிரல் வெளியிடப்படாத மூடிய கோப்பு. எஸ்.எல்.மோடம்.டி.யின் அந்தப் பகுதி 32 பிட்டுக்கு மட்டுமே ஆனது; 64 பிட் கணினிகள் வந்ததும் 32 பிட் நூலகங்களைத் தனியே சேர்த்து ஒப்பேற்ற வேண்டியதாயிற்று. தயாரிப்பாளர் அக்கறை இழந்த நாளில் அந்த அட்டையின் ஆயுளும் முடிந்தது. அதே காலத்து சீரியல் போர்ட் மோடத்தை இன்றைய லினக்ஸில் மாட்டினாலும், எந்த டிரைவரும் கேட்காமல் ஏ.டி. என்றால் ஓ.கே. என்று பதில் சொல்லும்.

இன்றும் ஃபேக்ஸுக்காகத் தொலைபேசி இணைப்பு வைத்திருப்பவர்கள், கட்டுப்பாட்டு சிப் உள்ள யூ.எஸ்.பி. மோடத்தை வாங்குங்கள். யூ.எஸ். ரோபாட்டிக்ஸ் 5637 அப்படிப்பட்டது, லினக்ஸில் டி.டி.ஒய்.ஏ.சி.எம்.0 என்ற போர்ட்டாக உடனே தெரியும்.

மற்றவர்கள் பார்க்க வேண்டியது பிரிண்டரை. ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் நிறையவே இருக்கும் ஹெச்பி லேசர்ஜெட் 1020, தன்னை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். லினக்ஸில் இதற்கு ஹெச்பிலிப் மென்பொருளோடு தனியான பிளக்-இன் ஒன்றையும் இறக்க வேண்டும். கேனான் எல்.பி.பி. 2900, கேப்ட் என்ற தனக்கே உரிய மொழியில்தான் கணினியோடு பேசும். இரண்டையும் லினக்ஸில் ஓடவைக்க முடியும், ஆனால் மாறுவதற்கு முன்பே அந்த வேலையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புதிதாக வாங்குவதென்றால் பொதுவான பிரிண்டர் மொழிகளான போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பி.சி.எல். புரியுமா, டிரைவர் இல்லாமல் அச்சிடும் ஐ.பி.பி. வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைக்கு வரும்போது கணினியை மட்டும் தூக்கி வராமல் பிரிண்டர், ஸ்கேனர், வைஃபை டாங்கிள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் ஒவ்வொன்றாகச் சோதித்துவிடலாம். பிரிண்டரில் ஒரு பக்கம் வந்துவிட்டது என்று அதோடு விட்டுவிட வேண்டாம். பிரிண்டரை அணைத்து, மீண்டும் சுவிட்ச் போட்டு, இன்னொரு பக்கம் எடுத்துப் பாருங்கள்.