"சிறுத்தையைப் பார்த்தேன்" என்று ஒருவர் சொன்னால்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் என் வாட்ஸ்அப்பில் "சிறுத்தைக்குட்டி" படங்கள் வர ஆரம்பித்துவிடும். சாக்கு மேல் இரண்டு குட்டி, பையன் ஒருவன் கையில் ஒன்று, கூடவே "சார், தாய் பக்கத்துலதான் இருக்குமா?" என்று ஒரு குரல்பதிவு. பெரும்பாலும் அவை காட்டுப்பூனைக் குட்டிகள். காது முக்கோணமாக இருக்கும், உடம்பில் மங்கலான கோடு இருக்கும். சிறுத்தைக்குட்டி என்றால் காது வட்டமாக, உடம்பெல்லாம் நெருக்கமான கரும்புள்ளிகளோடு இருக்கும். படம் கொஞ்சம் தெளிவாக இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். எதுவாக இருந்தாலும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு ஆட்கள் விலகிப்போனால், இருட்டியதும் தாய் வந்து தூக்கிக்கொண்டு போக வாய்ப்பு அதிகம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பால் கொடுத்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

குட்டியை விட, வளர்ந்த விலங்கைப் பார்த்ததாக வரும் தகவல்தான் பெரும்பாடு. வனத்துறை ஊழியர்களோடு போய் அப்படிப்பட்ட தகவல்களைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பங்கு. "சிறுத்தை நடமாட்டம் உறுதி செய்யப்படவில்லை" என்று செய்தி வந்தால், ஊரில் பாதிப்பேர் "சும்மா புரளி" என்பார்கள், மீதிப்பேர் "வனத்துறை மறைக்குது" என்பார்கள். உண்மையில் அங்கே வேலை இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். அந்த வேலை முடிவதும் முடியாமலே போவதும் முதல் சில மணி நேரத்தில் ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. "இந்த ஊருக்கு எப்படிங்க சிறுத்தை வரும்?" என்று கேட்டு ஒரு தகவலைத் தள்ளிவிட முடியாது. 2024 ஏப்ரல் 2 இரவு மயிலாடுதுறை செம்மங்குளம் பகுதியில் சிறுத்தையைப் பார்த்ததாகத் தகவல் வந்தது. சுற்றிலும் வயலும் வாய்க்காலும்தான், காடு என்று சொல்ல எதுவும் கிடையாது. கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பார்த்தால், நிஜமாகவே சிறுத்தை. சில பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், கூண்டு வைத்தார்கள், தானியங்கிக் கேமராக்கள் பொருத்தினார்கள். பத்து நாளைக்குள் கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டம் செந்துறையில் ஒரு சிறுத்தை கேமராவில் பதிவானது. தாயைப் பிரிந்து புது இடம் தேடும் இளம் சிறுத்தைகள் நெடுந்தூரம் நடக்கும். ஆற்றங்கரைப் புதர், ஓடை, கருவேலங்காடு, கரும்புத் தோட்டம் என்று ஒன்றைப் பிடித்து இன்னொன்றாக, பகலில் பதுங்கி இரவில் நகர்ந்துவிடும்.

தூரம் என்பதை நாம் எப்போதும் குறைத்தே நினைக்கிறோம். 2011 ஜூனில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு கூகர் கார் மோதி இறந்தது. அது அங்கே உள்ள பெரும்பூனை இனம், ஆனால் அந்த மாநிலத்தில் அது இல்லை என்பதுதான் அதுவரை அதிகாரிகளின் நிலை. மரபணுச் சோதனை செய்து பார்த்தால், 2,400 கிலோமீட்டருக்கு அப்பால் தெற்கு டகோட்டா மலைப்பகுதியில் பிறந்த விலங்கு. வழியில் அதைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருப்பார்களோ!

ஆனாலும் எனக்கு வரும் தகவல்களில் பெரும்பாலானவை சிறுத்தை இல்லை என்றுதான் முடிகின்றன. நாய், காட்டுப்பூனை, மரநாய், புனுகுப்பூனை, நரி, சில இடங்களில் கழுதைப்புலி. சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. இருட்டில், பைக் வெளிச்சத்தில், இரண்டு விநாடி பார்த்தால் யாருக்கும் அப்படித்தான். 2023 ஜூலையில் பெர்லினுக்குப் பக்கத்தில் "பெண் சிங்கம்" என்று ஒரு வீடியோ பரவி, நூற்றுக்கும் மேற்பட்ட போலீசாரும் ஹெலிகாப்டரும் ஒரு நாளுக்கு மேல் தேடினார்கள். வீடியோவை நிதானமாக ஆராய்ந்த பிறகு, காட்டுப்பன்றியாகத்தான் இருக்கும் என்று தேடலைக் கைவிட்டார்கள். போலீசாரே நம்பிய வீடியோ அது. நம் ஊர்ப் பால்காரர் தப்பாகப் பார்த்ததில் என்ன ஆச்சரியம்?

சரி, எப்படிச் சரிபார்க்கிறோம்? பார்த்தவரிடம் நான் முதலில் கேட்பது வாலைப் பற்றி. "வால் எப்படி இருந்துச்சுங்க?" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். "நீளமா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டால் பதிலை நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். போனில் சிறுத்தைப் படத்தைக் காட்டி "இதுதானே?" என்று கேட்பது அதைவிட மோசம். அப்புறம் அவர் மனதில் அந்தப் படம்தான் நிற்கும், பார்த்தது நிற்காது. சிறுத்தையின் வால் நீளம், உடம்பு நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும், நடக்கும்போது நுனி மேலே வளைந்து அடிப்பக்கத்து வெள்ளை தெரியும். காட்டுப்பூனைக்கு வால் குட்டை, நுனிப்பக்கம் கருவளையம் இருக்கும். வாலைச் சரியாகச் சொல்லிவிட்டால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

உயரம் பெரிய ஏமாற்று. "கன்னுக்குட்டி உசரம் சார்" என்பார்கள். நம் பக்கத்துச் சிறுத்தை தோள்பட்டை அளவில் ஒரு ஆளின் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். பயம் உயரத்தைக் கூட்டிவிடும், கேமராவும் கூட்டும். வீட்டுக் கண்காணிப்புக் கேமராக்களின் அகலக் கோண லென்சில் பக்கத்தில் வருவது பூதாகரமாகத் தெரியும். இரவுப் பதிவு கறுப்பு வெள்ளை என்பதால் நிறம் போய்விடும், நாயோ பூனையோ எதன் கண்ணும் பளீரென்று மின்னும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. கேமராவைத் தொடாமல், அசைக்காமல், விலங்கு நின்ற அதே இடத்தில் ஒரு ஆளை ஒரு மீட்டர் அளவுகோலோடு நிறுத்தி மறுபடி பதிவு செய்கிறோம். இரண்டு படத்தையும் அருகருகே வைத்தால், மதில் சுவரின் எந்தச் செங்கல் வரிசை வரை அந்த முதுகு வந்தது என்று எண்ணிவிடலாம். ஊரையே நடுங்கவைத்த ஒரு "சிறுத்தை", இப்படி அளந்து பார்த்தபோது முப்பது சென்டிமீட்டர்கூடத் தேறாமல் போனதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் கேமராக்காரரை உடனே கூப்பிட்டுக் கோணத்தை மாற்றச் சொல்லாதீர்கள். எல்லோரும் முதல் வேலையாகச் செய்வது அதைத்தான்.

கால்தடம்தான் உண்மையான சாட்சி. ஈர மண்ணில் ஒரு தடம் தெளிவாகக் கிடைத்தால் அதற்குமேல் வாதமே வேண்டாம். சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் விரல் முன்னால் நகக்குறி விழாது. நாய்க்கு விழும். உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு சிறுத்தைக்கு மூன்று மேடாகப் பிரிந்திருக்கும், விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நாயின் தடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், விரல்களுக்கும் மெத்தைக்கும் நடுவே பெருக்கல் குறி போடலாம். வளர்ந்த சிறுத்தையின் தடம் ஏழு எட்டு சென்டிமீட்டர் அகலம். பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 2.7 சென்டிமீட்டர், ஆக மூன்று நாணயம் பக்கம் பக்கமாக வைத்தால் ஏறக்குறைய அந்த அகலம் வரும். காட்டுப்பூனையின் தடம் இரண்டு நாணயத்தைக்கூடத் தாண்டாது. ஒரு எச்சரிக்கை: சேற்றில் கால் வழுக்கினால் தடம் விரியும், முன்கால் பட்ட இடத்தில் பின்கால் பட்டாலும் பெரிதாகத் தெரியும். அதனால் ஒரே தடத்தை வைத்து முடிவு செய்வதில்லை, வரிசையாக நாலைந்து தேடுவோம்.

தேடினால் கிடைக்க வேண்டுமே! நாங்கள் போய்ச் சேரும்போது அந்த இடத்தில் இருப்பதெல்லாம் செருப்புத் தடமும் பைக் டயர் தடமும்தான். செய்தி கேட்டு ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும். சிலர் தடத்தைச் சுற்றி விரலால் வட்டம் போட்டிருப்பார்கள், போட்டோவில் தெரிய வேண்டுமாம். "உறுதி செய்யப்படவில்லை" என்று நின்றுபோகும் தகவல்களில் கணிசமானவை இப்படித்தான் நின்றுபோகின்றன. தடத்தைப் பார்த்தால் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, கல் வைத்து, சுற்றி முள் போட்டுவிடுங்கள். அதற்குமுன் நேர் மேலே இருந்து ஒரு படம், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து. சாய்வாக எடுத்தால் அளவு பிடிபடாது.

படம் என்றதும் இன்னொன்று. செயற்கை நுண்ணறிவில் செய்த படங்கள் இப்போது தாராளமாக வருகின்றன. உங்கள் ஊர்க் கோயில் வாசலில் சிறுத்தை நிற்பதுபோல ஒரு படம் செய்ய இரண்டு நிமிடம் போதும். யார் எடுத்தது, எந்த போனில் எடுத்தது என்று முதல் ஆள் வரை போய்க் கேட்க முடியாத படத்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. விளையாட்டாக ஒன்றை அனுப்பிவிட்டால், வேறொரு ஊருக்குப் போக வேண்டிய வனத்துறை வண்டி உங்கள் ஊரில் இரவெல்லாம் சுற்றும்.

அந்த வேறொரு ஊரில் நிஜமாகவே ஆபத்து இருக்கலாம். 2024 ஜனவரியில் நீலகிரி பந்தலூரில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று சிறுத்தை தாக்கி இறந்துபோனது. அதனால் "சிறுத்தை ஒன்றும் செய்யாது" என்று நான் எங்கேயும் பேசுவதில்லை. உறுதியாகிறவரை, அது உண்மை என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இருட்டியபின் சிறு குழந்தைகளைத் தனியாக வெளியே விடாமல் இருப்பது, அதிகாலையில் ஒதுங்கப் போகிறவர்கள் துணையோடு, டார்ச்சோடு, பேசிக்கொண்டே போவது, ஆட்டுப்பட்டிக்குக் கூரையும் கதவும் போடுவது. கறிக்கடைக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டினால் நாய் பெருகும், நாயைத் தேடித்தான் சிறுத்தை வரும். மகாராஷ்டிராவின் அகோலேயில் வன உயிரின ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவின் குழுவினர் கேமரா வைத்து ஆராய்ந்தபோது, கரும்பு வயல்களுக்கு நடுவே நூறு சதுர கிலோமீட்டருக்கு ஐந்து சிறுத்தைகள் அளவில் இருந்தன. அவற்றின் முக்கிய இரையே வீட்டு நாய்கள்தான்.

அடுத்து வருவது "கூண்டு வெச்சுப் புடிங்க" என்ற கோரிக்கை, பெரும்பாலும் சாலை மறியலோடு. சிறுத்தை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்புத் தரும் பட்டியலில், உள்ள விலங்கு. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் பிடிக்க முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இதே மகாராஷ்டிராவில், ஜுன்னர் பகுதியில் 2001க்குப் பிறகு வயல்களில் பிடித்த சிறுத்தைகளை ஏராளமாகக் காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். மனிதர்கள் மீதான தாக்குதல் அதன்பின் குறையவில்லை, கூடியது. விட்ட இடங்களுக்குப் பக்கத்திலும் தாக்குதல் நடந்தது. பழகிய இடத்தை விட்டுத் தூக்கிய விலங்கு புது இடத்தில் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆளைத் தாக்கிய விலங்கு என்றால் கதையே வேறு, அதைப் பிடித்தே ஆக வேண்டும். வெறுமனே தெருவைக் கடந்துபோன விலங்குக்கும் அதே கூண்டு என்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

தமிழ்நாட்டில் 2018 மதிப்பீட்டில் 868 சிறுத்தைகள், 2022 மதிப்பீட்டில் 1,070. இது முக்கியமாகக் காட்டுப்பகுதிக் கணக்கு. இனி ஊருக்குள் தகவல்கள் வருவது குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உறுதியான பிறகும் கூட்டம்தான் பிரச்சினை. சிறுத்தை ஆளைத் தாக்கும் சம்பவங்களில் பல, அதைச் சுற்றி வளைத்துத் துரத்தும்போது நடப்பவை. 2022 ஜனவரியில் கோவை குனியமுத்தூர் பக்கம் ஒரு பழைய குடோனுக்குள் சிறுத்தை புகுந்துகொண்டது. வனத்துறையினர் வாசல்களில் கூண்டு வைத்து, வலை கட்டி, ஆட்களை விலக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து நாள். கடைசியில் அதுவாகக் கூண்டுக்குள் வந்தது, ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அந்த ஐந்து நாளும் "ஏன் இன்னும் புடிக்கல" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்ன ஊழியர்களை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

ஆடு, மாடு செத்துக் கிடந்தால் ஒரே ஒரு விஷயம்: புதைத்துவிடாதீர்கள், இழுத்து ஓரமாகப் போடாதீர்கள். சிறுத்தை கழுத்தைக் கவ்விக் கொல்லும். தொண்டைப் பக்கம் ஆழமான பல்துளைகள் இருக்கும், கால்நடை மருத்துவர் தோலை உரித்துப் பார்த்தால் அந்தத் துளைகளைச் சுற்றி உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். உயிரோடு இருக்கும்போது கடித்தால்தான் அப்படிக் கட்டும். செத்த ஆட்டை வந்து தின்ற விலங்கின் கடியில் அது இருக்காது. தெருநாய் கூட்டம் என்றால் பின்தொடை, விலா, காது என்று கண்டபடி கிழிந்திருக்கும், ஒரே பட்டியில் பல ஆடு செத்துக் கிடக்கும், தின்றது குறைவாக இருக்கும். இழப்பீட்டுக்கான அறிக்கையும் இதை வைத்துத்தான் எழுதுவார்கள். அவர்கள் வரும்வரை ஒரு தார்ப்பாய் போட்டு மூடி, நாய், காகம் அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வனச்சரக அலுவலகத்துக்கு போன் செய்யும்போது "சிறுத்தை வந்துடுச்சு, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். எந்த இடம், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில் இருந்து, என்ன வெளிச்சத்தில் பார்த்தது, எந்தத் திசையில் போனது, தடம் இருக்கிறதா என்று சொல்லுங்கள். நேரில் பார்த்தவரே பேசினால் இன்னும் நல்லது. பார்த்தவரின் மச்சான், மச்சானின் நண்பன் என்று மூன்று பேரைத் தாண்டி வரும்போது ஒரு விலங்கு இரண்டு குட்டியோடு வந்து சேர்கிறது.