துடைக்கப்படாத நினைவகமும் கெர்னலில் மீண்டும் மீண்டும் வரும் பிழையும்

"மறுதொடக்கம் செய்தோம், சரியாகிவிட்டது" என்ற ஒற்றை வரியுடன் மூடப்பட்ட பிழையறிக்கை ஒன்று இந்த வாரமும் என் பார்வைக்கு வந்தது. நாட்கணக்கில் ஓடிய கணினியில் மட்டும் தாறுமாறான மதிப்புகளைத் தரும் டிரைவர் (ஒரு வன்பொருளை இயக்கும் நிரல்), மறுதொடக்கம் செய்ததும் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்றால், தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். மறுதொடக்கத்துக்கு முன் நினைவகத்தில் அப்போது உள்ளதன் நகலை (மெமரி டம்ப்) எடுத்து வையுங்கள். எடுக்காவிட்டால் தடயம் போய்விடும்.

புதிதாகக் கிடைக்கும் நினைவகம் காலியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையே இத்தனைக்கும் வேர். பயனர் நிரல் இயங்குதளத்திடமிருந்து பெறும் புதிய பக்கம் (நினைவகம் பகிரப்படும் ஓர் அலகு) சுழியமாக இருப்பது உண்மைதான்; ஆனால் ஒரு நிரலின் தரவு மற்றொன்றின் கண்ணில் படக் கூடாது என்பதற்காக இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அதைத் துடைத்துக் கொடுப்பதால்தான் அது சுழியமாக இருக்கிறது. கெர்னலுக்குள் அப்படித் துடைத்துக் கொடுக்க வேறு யாரும் இல்லை. லினக்ஸில் நினைவகம் ஒதுக்கித் தரும் கே-மல்லாக் (kmalloc) கொடுக்கும் துண்டு, துடைக்கும் வசதி எதையும் இயக்காவிட்டால், முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற நிலையிலேயே வரும். அதில் சற்று முன்பு ஒரு வலைப்பொதியோ கடவுச்சொல்லோ இருந்திருக்கலாம். இப்போதுதான் தொடங்கிய சோதனைக் கணினியில் பெரும்பாலான பக்கங்கள் இன்னும் யாராலும் தொடப்படாதவை என்பதால் அங்கே சுழியம் தென்படுகிறது. "என் கணினியில் வரவில்லை" என்பது ஆகவே எதற்கும் சான்றாகாது.

ஸ்ட்ரக்டின் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பின்) எல்லா உறுப்புகளுக்கும் மதிப்பு இட்டுவிட்டோம் என்ற பதிலும் போதாது. ஒரு பைட் கொடியும் அதையடுத்து எட்டு பைட் எண்ணும் கொண்ட ஸ்ட்ரக்ட், 64-பிட் கணினியில் 16 பைட் பிடிக்கும்; இடையில் உள்ள 7 பைட்டுகளில் யாரும் எதையும் எழுதுவதில்லை. ஸ்டாக்கில் (செயற்கூறுகள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகத்தில்) அதே இடத்தில் பழைய கெர்னல் முகவரி ஒன்று இருந்திருந்தால், அந்த முகவரி எண்ணின் கடைசி பைட்டைக் கொடி மூடிவிடும், மீதி ஏழும் அப்படியே பயனருக்கு நகலாகிவிடும். கெர்னலின் இடத்தை ஊகிக்க முடியாதபடி மாற்றும் முகவரிச் சீரற்றாக்கம் அதைப் பெரிய படிகளில் மட்டுமே நகர்த்துவதால், முகவரியின் கடைசிப் பகுதி மாறுவதில்லை; ஆகவே தாக்குபவருக்கு அந்த ஒரு பைட் இல்லாதது தடையே அல்ல. பயனருக்கு நகலெடுக்கும் ஸ்ட்ரக்டை முதலில் மெம்செட்டால் (ஒரு பகுதி முழுவதையும் ஒரே மதிப்பால் நிரப்பும் செயற்கூறு) துடைத்துவிட்டு, அதன் பின் நிரப்புங்கள்.

அதே வேளையில், கண்ட இடமெல்லாம் சுழியம் இட்டுப் பிழையை அமுக்குவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். பிழை நேரும்போது நிரல் செல்லும் பாதையொன்றில், செயற்கூறு திருப்பித் தரும் மதிப்பு எழுதப்படாமல் விடுபட்டிருக்கிறது என்று கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) எச்சரிக்கும்போது, மாறியை அறிவிக்கும் இடத்திலேயே சுழியம் இட்டால் எச்சரிக்கை மறையும். ஆனால் கெர்னலில் சுழியம் என்றால் வெற்றி, ஆகவே தோல்வியடைந்த செயல் வெற்றி என்று அறிவிக்கப்படும். பயனர் எண்ணிலும் இதே ஆபத்து: அது சுழியம் என்றால் எல்லா உரிமைகளும் கொண்ட ரூட் பயனர். எந்தப் பாதை எழுதத் தவறியது என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த இடத்தைத் திருத்துவதுதான் வேலை.

தேடுவதற்குக் கருவி இல்லை என்ற சாக்கும் இனிச் செல்லாது. தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகத்தைப் பயன்படுத்துவதைப் பிடிக்கும் கேஎம்சான் (KMSAN) 6.1 பதிப்பிலிருந்து லினக்ஸிலேயே இருக்கிறது. அதை இயக்கி, கிளாங் கம்பைலர் கொண்டு கெர்னலைக் கட்டமைக்க வேண்டும். கேஅசான் (KASAN) இதைப் பிடிக்காது, அது எல்லை மீறியோ விடுவித்த பிறகோ நினைவகத்தைத் தொடும் வேறு வகைப் பிழைக்கானது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒதுக்கும்போதே துடைக்கும் வசதி 5.3 பதிப்பில், 2019இல் வந்தது. பயன்பாட்டில் உள்ள கணினிகளில் அதை இயக்குங்கள். சோதனையில் அணைத்துவிடுங்கள், இல்லையெனில் கேஎம்சானின் கண்ணுக்குப் பிழை தெரியாது.

திருத்தத்தை அனுப்பும்போது, "எச்சரிக்கை நீக்கப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பாதையில் எந்த உறுப்பு விடுபட்டது, அது பயனர் வரை கசியுமா, எந்தப் பழைய மாற்றம் அதைக் கொண்டுவந்தது என்பவற்றைக் குறிப்பிடுங்கள். பழைய பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் அந்தக் குறிப்பை வைத்துத்தான் உங்கள் பேட்சைத் தங்கள் கிளைக்கு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.