வாட்டர்புரூஃப்: எந்த நீர் புகாது?

போன மாதம் அம்மாவின் மிக்சி நின்றுபோனது. பழுது பார்ப்பவர் அடிப்பாகத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். ஈரம் எங்கும் இல்லை. ஆனால் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, பக்கத்திலிருந்த செம்பு பச்சை பிடித்திருந்தது. "வெறும் தண்ணி போயிருந்தா காய்ஞ்சிருக்கும் தம்பி, இது சட்னி" என்றார். ஜாரின் அடியில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, அதைச் சுற்றியிருந்த ரப்பர் இறுகிப்போய், தினமும் இரண்டு சொட்டு கீழே இறங்கியிருக்கிறது.

மிக்சி அங்கே கிடந்த நாட்களில் கைக்கு ஒரு பிளெண்டர் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். ஒரு பெட்டியின் முன்பக்கம் 'வாட்டர்புரூஃப்' என்று பெரிய எழுத்து. பின்பக்கம், 'மோட்டார் பகுதியைத் தண்ணீரில் முக்கக் கூடாது' என்று சின்ன எழுத்து. இந்த இரண்டு வரிகளும் ஒரே பெட்டியில் எப்படி இருக்க முடியும் என்பதிலிருந்துதான் இந்தச் சொல்லைத் தோண்ட ஆரம்பித்தேன்.

வாட்டர் தெரியும். சிக்கல் 'புரூஃப்' என்ற பாதியில் இருக்கிறது. லத்தீனில் 'ப்ரொபாரே' என்றால் சோதித்துப் பார்த்தல். அது பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து 'புரூஃப்' ஆனது. ஐடி புரூஃப், அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது, அலுவலகத்தில் அப்ரூவல் வாங்குவது எல்லாமே அந்த வேரிலிருந்து கிளைத்தவை. போர்க்கவசத்தை அடித்துச் சோதித்து, தேறியதை 'புரூஃப்' என்று சொன்னார்கள். அந்தப் பொருள்தான் வாட்டர்புரூஃப், ஃபயர்புரூஃப் என்று மற்ற சொற்களின் வாலில் ஒட்டிக்கொண்டது. ஆக, வாட்டர்புரூஃப் என்றால் வேர்ப்பொருளில் 'நீரால் சோதித்துத் தேறியது'. எந்த நீரால், எவ்வளவு நேரம் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. நாளாக ஆக அது உதிர்ந்துபோய், 'தண்ணீரே புகாது' என்ற முழு வாக்குறுதியாக மாறிவிட்டது.

தமிழில் இதற்கு 'நீர்புகா' என்று எழுதுகிறோம். அழகான சொல்தான். இலக்கணத்தில் இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'நீர் புகாத' என்பதில் கடைசி எழுத்து கெட்டு 'நீர்புகா' என்று நிற்கிறது. செல்லாக்காசு, அழியாப்புகழ் மாதிரி. அதனால் பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும், 'நீர்புகாக் கலம்', 'நீர்புகாப் பெட்டி' என்று எழுத வேண்டும். பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் 'நீர்புகாமை'. மொட்டைமாடிக்குப் பூச்சு அடிப்பவர்கள் நீர்த்தடுப்பு, நீர்க்காப்பு என்கிறார்கள். அது செய்யும் வேலையின் பெயர், பொருளின் தன்மைக்கு ஒட்டாது.

ஆனால் 'புகா' என்ற எதிர்மறை மிகவும் கண்டிப்பானது. எக்காலத்திலும் புகாது என்று சொல்கிறது. சட்னி அரைக்கும் மிக்சிக்கு இந்தச் சொல்லைக் கொடுப்பது எனக்குப் பொய்யாகப் படுகிறது. தமிழில் நீரின் வகைக்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கும்போது எதற்கு இந்த ஒற்றை மூடி?

மின்சாதனத்தின் உறைக்குள் தூசியும் நீரும் போவதை அளக்க உலகம் முழுக்க ஒரு ஏணி இருக்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60529 என்ற தரநிலை, முதல் பதிப்பு 1976. இந்தியத் தரநிலைகள் பணியகமும் அதையே ஏற்றிருக்கிறது. பொருளின் மேல் 'ஐபி' என்று போட்டு இரண்டு இலக்கம் வரும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. தூசிக்குச் சோதிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் 'எக்ஸ்' நிற்கும்.

நீருக்கான படிகளைத் தமிழில் படித்துப் பாருங்கள். 1 என்றால் நேர் மேலிருந்து விழும் சொட்டு. 2 என்றால் பொருளை 15 பாகை சாய்த்தாலும் தாங்கும் சொட்டு. 3 என்பது செங்குத்திலிருந்து 60 பாகை வரை சரிந்து வரும் தூவல். நமக்கு அது சாரல், குற்றாலம் போனவர்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம். 4 என்பது எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிப்பு. 5 என்பது பீய்ச்சல், 6.3 மில்லிமீட்டர் குழாய்முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர். 6 அதைவிட மூர்க்கமான பீய்ச்சல், நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 முழுக்கு, 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 அதற்கும் கடுமையான, தொடர்ந்த முழுக்கு. 9 என்பது 80 டிகிரி வெந்நீரை உயர் அழுத்தத்தில் அடிப்பது.

சொட்டு, சாரல், தெறிப்பு, பீய்ச்சல், முழுக்கு. எல்லாம் நம் வாயில் தினம் புழங்குகிற சொற்கள். அதனால் 'தெறிப்புத் தாங்கும் அடுப்பு', 'முழுக்குத் தாங்கும் கெட்டில்' என்றே எழுதலாம் என்பது என் முடிவு. 'தெறிப்புத் தாங்கி' என்று சுருக்கவும் ஆசைதான், ஆனால் பேரிங்குக்குத் தமிழில் 'தாங்கி' என்று ஏற்கெனவே வழங்குவதால் குழப்பம் வரும். பெட்டியின் மேல் 'தெறிப்புத் தாங்கும்' என்று போட்டிருந்தால், பின்பக்கத்து 'முக்கக் கூடாது' என்ற வரி அதோடு சண்டை போடாது.

இதில் பலர் தவறுகிற ஓர் இடம் உண்டு. 6 வரை மேல்படி கீழ்ப்படியை உள்ளடக்கும். 7க்கு அப்படிக் கிடையாது. முழுக்கில் தேறிய பொருள் பீய்ச்சலில் தோற்கலாம். அசையாத நீர் ரப்பரைச் சுற்றிலும் அழுத்தி இடத்தில் உட்கார வைக்கும். பீய்ச்சும் நீர் ஒரு விளிம்பைத் தூக்கிவிடும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு சோதனையும் தேறி, இரண்டு எண்ணும் பொருளின் மேல் இருக்க வேண்டும்.

இன்னொன்று சமையலறைக்கு ரொம்ப முக்கியம். முழுக்குச் சோதனையில் பொருளின் வெப்பமும் நீரின் வெப்பமும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. நாம் என்ன செய்கிறோம்? சுடச்சுட இருக்கும் கெட்டிலைத் தொட்டித் தண்ணீரில் வைக்கிறோம். உறைக்குள் இருக்கும் காற்று 80 டிகிரியில் விரிந்து கொஞ்சம் வெளியேறியிருக்கும். அது சட்டென்று 30 டிகிரிக்கு இறங்கினால் உள்ளழுத்தம் சுமார் 14 சதவீதம் குறையும். ஏறக்குறைய 1.4 மீட்டர் உயரத் தண்ணீர் அழுத்துவதற்குச் சமம். அதாவது அடுக்களைத் தொட்டியில் ஒரு சாண் ஆழத்திலேயே, சோதனைக்கூடத்து 1 மீட்டரைவிடக் கடுமையான சோதனை நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடுக்கு இருந்தால் போதும், சாதனமே தண்ணீரை உறிஞ்சிவிடும்.

இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட வழியைப் பார்த்தபோது எனக்கு வீட்டு ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வந்தது. உறையில் ஒரு சின்னத் துளை விட்டு அதன்மேல் நுண்துளைச் சவ்வு ஒன்றை ஒட்டுகிறார்கள். இழுத்து விரித்த டெஃப்லான், கோர்-டெக்ஸ் மழைச்சட்டையில் இருக்கிற அதே பொருள். காற்று போய்வரும், நீர்த்துளி போகாது. உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகிவிடுவதால் ரப்பருக்குச் சுமை குறைகிறது. ஜாடியின் வாயில் துணி போட்டுக் கட்டுவதற்கு நம் வீடுகளில் 'வேடு கட்டுதல்' என்று பெயர். தூசி, பூச்சி போகாது, காற்றாடும். இந்தச் சவ்வுக்கு 'மூச்சுவேடு' என்று பெயர் வைக்கலாமே?

சரி, 'சீல்' என்ற அடுத்த சொல்லுக்கு வருவோம். தமிழில் இதற்கு மூன்று வேலை. அதிகாரிகள் கடைக்கு வைப்பதும் சீல், காகிதத்தில் குத்துவதும் சீல், மோட்டார் தண்டைச் சுற்றி இருக்கும் ரப்பரும் ஆயில் சீல். மூலம் லத்தீனின் 'சிகில்லும்', சின்னஞ்சிறு அடையாளம் என்று பொருள். அரக்கில் பதித்த அடையாளம், பிறகு அந்த அரக்கால் மூடுவது, பிறகு எதையும் கசியாமல் மூடுவது என்று பொருள் நகர்ந்தது. நம்மிடமும் இதே வழக்கம் பழையது. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு அனுப்பும் ஓலை 'மண்ணுடை முடங்கல்', மண் இலச்சினை இட்ட மடல். சித்த மருத்துவத்தில் புடம் போடும்போது அகல்களின் வாயைச் சேர்த்து, மண் பூசிய துணியைச் சுற்றி அடைப்பதைச் 'சீலைமண் செய்தல்' என்கிறார்கள். சீலை என்றால் துணி. ஒலி ஒத்திருந்தாலும் இங்கிலீஷ் சீலுக்கும் இதற்கும் உறவு இல்லை. நெருப்பில் வைத்தாலும் ஆவி வெளியேறாதபடி மூடும் தொழிலுக்கு நம்மிடம் சொந்தச் சொல் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

முத்திரை என்பது அடையாளத்துக்குப் பொருந்தும், ரப்பருக்குப் பொருந்தாது. ரப்பருக்கு 'அடைப்பு' போதும். கேஸ்கட் என்ற சொல் கப்பல்காரர்களிடமிருந்து வந்தது. சுருட்டிய பாயைக் கட்டும் சிறு கயிற்றுக்கு அந்தப் பெயர். பின்னால் நீராவி எந்திரத்தில் கசிவை அடைக்கத் திணித்த கயிற்றுக்கும் வந்தது, அப்புறம் ரப்பருக்கு. நம் வீடுகளில் அதைக் 'குக்கர் ரப்பர்' என்றே சொல்லிவிடுகிறோம். எழுத்தில் வேண்டுமென்றால் 'அடைவளையம்' என்பேன். ஆவி கசியும் குக்கர் வளையத்தைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி போடுவார்களே, அது எதனால்? வெப்பத்திலும் அழுத்தத்திலும் வருடக்கணக்காக இருந்த ரப்பர் அமுங்கியபடியே நின்றுவிடுகிறது, எழும்பி இடைவெளியை நிரப்பும் குணம் போய்விடுகிறது. மின்சாதனத்துக்குள் இருக்கும் வளையத்துக்கும் அதே கதிதான். எண்ணெய் படும் இடத்தில் நைட்ரைல் ரப்பர், சூடு அதிகமான இடத்தில் சிலிக்கோன் என்று பார்த்துப் போட்டாலும் அதற்கு ஒரு வயது உண்டு. புதிதில் தேறிய சோதனை ஐந்து வருடம் கழித்தும் அப்படியே நிற்கும் என்று எந்த இலக்கமும் சொல்வதில்லை.

அப்படியானால் மிக்சியை முழுக்க மூடிவிட்டால் என்ன? மோட்டாரின் சூடு தடுக்கும். மிக்சி மோட்டார் தன் அடியிலுள்ள துளைகள் வழியே காற்றை இழுத்துத்தான் குளிர்கிறது. காற்றுக்கு விட்ட வழி தண்ணீருக்கும் வழி. அதனால் அதன் தரநிலை முழுக்கைக் கேட்பதில்லை, சிந்தலைக் கேட்கிறது. வீட்டு மின்சாதனங்களுக்கான ஐஇசி 60335, பாத்திரத்தை நிரப்பி, அதற்கும் மேல் கொள்ளளவில் 15 சதவீதம் அல்லது கால் லிட்டர், இரண்டில் எது அதிகமோ அதை ஒரு நிமிடத்தில் ஊற்றச் சொல்கிறது. ஊற்றுவது வெறும் தண்ணீர் அல்ல, சுமார் 1 சதவீத உப்புநீர். மின்சாரம் கடத்துவது அதிலுள்ள உப்பு என்பதால். பழுது பார்ப்பவர் "இது சட்னி" என்று சொன்னதும் இதைத்தான்.

மோட்டார் இல்லாத சாதனங்களுக்கு வழி எளிது. வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடைப் பாருங்கள். உலோகக் குழாய்க்குள் சூடேறும் கம்பி, இரண்டுக்கும் நடுவே இறுக்கித் திணித்த மெக்னீசியம் ஆக்சைடு தூள். அந்தத் தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைத் தடுக்கும். ஜெனரல் எலெக்ட்ரிக் 'கேல்ராட்' என்ற பெயரில் பரப்பிய வடிவம் அது. ஆனால் அந்தத் தூளுக்கே ஈரத்தை இழுக்கும் குணம் இருப்பதால் குழாயின் இரு முனைகளையும் நன்றாக அடைத்தாக வேண்டும். அமெரிக்காவின் நேஷனல் பிரஸ்டோ நிறுவனம் 1950களில் இந்த யோசனையைச் சமையல் பாத்திரத்துக்கே கொண்டுபோனது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியைத் தனியாகக் கழற்றி எடுத்துவிட்டால், மின்சார வாணலியை அப்படியே தண்ணீரில் முக்கிக் கழுவலாம். நனையக் கூடாததைப் பிரித்துவிடுவது, ரப்பரை நம்புவதைவிட உறுதியானது. இப்போது தூண்டல் முறையில் கம்பித் தொடர்பே இல்லாமல் மேடையிலிருந்து மின்சக்தி வாங்கும் சமையலறைச் சாதனங்களுக்கு 2,200 வாட் வரை 'கீ' என்று ஒரு தரநிலை வந்திருக்கிறது. அதில் செருகும் துளையே இல்லை.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு, அது கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார்களில் ஒரு வகைக்குள் தண்ணீரை வேண்டுமென்றே நிரப்பி வைக்கிறார்கள். சுருளின் ஒவ்வொரு கம்பிக்கும் பிளாஸ்டிக் உறை இருக்கும். தண்ணீர் உள்ளே இருக்கிறது, மின்சாரத்தைத் தொடுவதில்லை. 'நீர்புகா' என்று அதைச் சொல்லவே முடியாது. ஆனாலும் வருடக்கணக்கில் கிணற்றடியில் ஓடுகிறது.

மிக்சி திரும்பி வந்துவிட்டது. சுருளைத் துடைத்து, காயவைத்து, வார்னிஷ் அடித்திருந்தார். ஜாருக்குப் புது புஷ், புது ரப்பர். வாங்கும்போது, "ராத்திரி ஜார்ல தண்ணி ஊத்தி பேப்பர் மேல வச்சுப் பாருங்க, காலைல பேப்பர் நனையலேன்னா சட்னி அரைங்க" என்றார். அம்மா பழைய நாளிதழை நான்காக மடித்து மேடையில் விரித்து, ஜாரை விளிம்புவரை நிரப்பி வைத்தார். காலையில் முதலில் எழுந்தது நான்தான். ஜாரைத் தூக்கிப் பார்த்தேன். காகிதம் உலர்ந்திருந்தது, ஜாரின் அடி பட்ட வட்டம் மட்டும் லேசாகத் தெரிந்தது.