கூரன் எந்தக் குடும்பம்?

பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் அங்கே போக வேண்டுமென்றால் கேரளத்துக்காரர்களுக்கும் தமிழ்நாட்டு வழிதான். பொள்ளாச்சியைத் தாண்டிச் சேத்துமடை, அங்கிருந்து மலையேறி டாப்சிலிப், அப்புறம்தான் கேரளச் சோதனைச்சாவடி. ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில், தேக்குக் காட்டுக்குள் சபாரி வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது என் மகள் கையை நீட்டி, "அப்பா, மான்குட்டி!" என்றாள். ஈரச் சருகுக்கு நடுவே முயல் பருமனில் ஓர் உருவம். பழுப்பு உடம்பு, விலாவில் வெள்ளைப் புள்ளியும் கோடும், குச்சி குச்சியாய் நான்கு கால். கூட வந்த வழிகாட்டி மலசர் பழங்குடியைச் சேர்ந்தவர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுபவர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "குட்டி இல்ல பாப்பா, வளர்ந்து முடிச்ச ஆளு. கூரன். மானும் இல்ல, பன்னியும் இல்ல."

விலங்கியல் புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் நான்கே சொல்லில் முடித்துவிட்டார். அன்று மாலை என் நோட்டில் ஒரு புதிய வரி ஏறியது: ட்ராகுலிடே குடும்பம், சருகுமான், காட்டில், உயிரோடு.

அந்த நோட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பறவை பார்ப்பவர்கள் வாழ்நாளில் பார்த்த பறவைகளைப் பட்டியல் போட்டு வைப்பது பலருக்கும் தெரியும். பாலூட்டிகளுக்கும் அப்படிப் போடலாம். ஆனால் உலகத்தில் ஏறத்தாழ 6,500 பாலூட்டிச் சிற்றினங்கள் உண்டு. அதில் பெரும்பகுதி எலியும் வௌவாலும். இரண்டு வௌவால்களைப் பிரித்தறியப் பல்லை அளக்க வேண்டியிருக்கும். அதனால் நான் ஒரு படி மேலே போய்க் குடும்பங்களை, அதாவது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் கூட்டங்களை, எண்ணுகிறேன். 2018-ல் வெளிவந்த ஒரு முழுக் கணக்கெடுப்பில் குடும்பங்கள் 167, அண்மைக் காலத்தில் அழிந்துபோனவையும் சேர்த்து. ஒரு மனிதர் ஒரு வாழ்நாளில் பாதியையாவது எட்டிப் பார்க்கக்கூடிய எண் அது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மதிப்பெண் என்பதுதான். எலிக் குடும்பத்தில் மட்டும் 800-க்கு மேல் சிற்றினங்கள். யானைக் குடும்பத்தில் இன்று மிச்சம் மூன்றே மூன்று. ஆப்பிரிக்காவின் ஆர்ட்வார்க் என்ற விலங்குக்கு அதன் குடும்பத்தில் வேறு யாருமே இல்லை. சிற்றினங்களை எண்ணினால் ஆயிரத்தில் ஒன்றாகக் காணாமல் போகும் இந்தத் தனியாள், குடும்பங்களை எண்ணும்போது எலிக் கூட்டம் முழுவதற்கும் சமமாக நிற்கிறது. பல லட்சம் தலைமுறை தனியே நடந்து வந்த ஒரு கிளைக்கு அந்த மரியாதை தகும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, கூரன் ஏன் மான் குடும்பத்தில் இல்லை? மான் குடும்பத்து ஆண்களுக்குக் கிளைக்கொம்பு முளைக்கும், ஆண்டுதோறும் விழும், மறுபடி முளைக்கும். கடமானுக்கும் புள்ளிமானுக்கும் அப்படித்தான். சருகுமானுக்குக் கொம்பே கிடையாது. ஆணின் மேல்வாய்க் கோரைப்பல் நீண்டு உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். வழிகாட்டி பன்றியைப் பேச்சில் இழுத்ததற்கும் காரணம் உண்டு. மலையாளத்தில் இதையே கூரமான் என்றும் கூரன்பன்னி என்றும் சொல்வார்கள். வயிற்றிலும் வேறுபாடு உண்டு. மாடும் மானும் அசைபோட நான்கு அறை கொண்ட வயிறு வைத்திருக்கின்றன. சருகுமானும் அசைபோடும், ஆனால் நான்கில் ஓர் அறை அதற்குச் சரியாக வளர்வதில்லை. அசைபோடும் விலங்குகளின் வம்சாவளி மரத்தில் எல்லோருக்கும் முன்னால் பிரிந்துபோன கிளை இது. மானும் மாடும் ஒட்டகச்சிவிங்கியும் ஒன்றுக்கொன்று உறவாக இருக்கும் அளவுக்குக்கூடச் சருகுமான் மானுக்கு உறவில்லை.

இங்கேதான் நம் பெயர்கள் நம்மைத் திசைமாற்றுகின்றன. தமிழில் விலங்குப் பெயர்கள் கண்ணால் பார்த்ததை வைத்து வந்தவை. மூக்கு நீண்டிருந்தால் நாய். மரத்தில் ஏறினால் மரநாய், தண்ணீரில் நீந்தினால் நீர்நாய். செந்நாய் ஒன்றுதான் இந்த மூன்றில் உண்மையான நாய்க் குடும்பம். நீர்நாய் முஸ்டெலிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நம் மலைக்காடுகளில் அபூர்வமாகத் தென்படும் நீலகிரி மார்ட்டென் அதற்கு நெருங்கிய சொந்தம். மரநாய்க்கும் புனுகுப்பூனைக்கும் ஒரே குடும்பம், விவெரிடே. ஒன்றை நாய் என்கிறோம், கூடப் பிறந்ததைப் பூனை என்கிறோம். முள்ளம்பன்றி ஒரு கொறிவிலங்கு, பன்றியோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்றும் மற்றவர்கள் கடற்பசு என்றும் சொல்லும் விலங்குக்கு நிலத்தில் இருக்கும் நெருங்கிய உறவுகளில் ஒன்று யானை. கேளையாட்டின் கதை இன்னும் வேடிக்கை. மான் குடும்பத்தைச் சேர்ந்த அதைத் தமிழில் ஆடு என்கிறோம். எல்லையைத் தாண்டினால் மலையாளத்தில் கேழமான். இந்த ஒன்றில் அவர்கள் சொல்வது சரி.

பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே வேலையைச் செய்யும் உடம்புகள் காலப்போக்கில் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்துவிடும். எறும்பும் கறையானும் தின்று பிழைக்க வேண்டுமென்றால் நீள நாக்கும் தோண்டும் நகமும் வேண்டும், பல் தேவையில்லை. நம் ஊர் அழுங்கும் தென்னமெரிக்காவின் எறும்புத்தின்னியும் அப்படித்தான் ஒன்றுபோல ஆயின. விலங்கியலாளர்களே நெடுநாள் இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகுதான் அழுங்குக்கு மிக நெருங்கிய உறவு புலியும் நாயும் அடங்கிய ஊனுண்ணி வரிசை என்று தெரிந்தது.

அப்படியானால் வடிவத்தை நம்பக் கூடாது, எதை நம்புவது? வெளியே தெரியாத, வேலைக்காக எளிதில் மாறாத உறுப்புகளை. ஊனுண்ணிகளில் அப்படி ஒரு இடம் காதுக்குப் பின்னால் மண்டையோட்டின் அடியில் இருக்கும் எலும்புக் குமிழ். நடுக்காதை மூடிக் காக்கும் சிறு கிண்ணம் அது. பூனைப் பக்கத்து விலங்குகளில் அந்தக் குமிழுக்குள் பொதுவாக ஒரு தடுப்பு ஓடி இரண்டு அறையாகப் பிரிக்கும். நாய், கரடி, நீர்நாய்ப் பக்கத்தில் அந்த முழுத் தடுப்பு இருக்காது. 1869-ல் வில்லியம் ஹென்றி ஃபிளவர் என்ற ஆங்கிலேய உடற்கூறியலாளர் மண்டையோட்டின் அடிப்பகுதியை வைத்து ஊனுண்ணிகளை வகைப்படுத்தினார். அவர் போட்ட கோடுகளில் பலவற்றை நூறாண்டு கழித்து மரபணு ஆய்வும் ஏற்றுக்கொண்டது.

முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பக்கம் இருக்கும் கழுதைப்புலியை இந்தக் கண்ணோடு பாருங்கள். நடை, முகம், எலும்பு கடிக்கும் தாடை எல்லாம் நாய் மாதிரி. ஆனால் அது நிற்பது பூனைப் பக்கத்தில். கீரியும் மரநாயும் அதன் பங்காளிகள். பெயரில் உள்ள கழுதை பொய்யென்றாலும் புலியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

பல்லை மட்டும் எண்ணினால் போதாது என்பதற்குச் செந்நாயே சாட்சி. நாய்க்குக் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு மூன்று பின்கடைவாய்ப் பல், செந்நாய்க்கு இரண்டுதான். அதற்காக அது நாய்க் குடும்பத்தை விட்டு வெளியேறிவிடவில்லை.

குடும்பம் என்பதற்கு இன்று கேட்கப்படும் நிபந்தனை ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் எல்லோரும் ஒரே மூதாதையின் வழியில் வந்திருக்க வேண்டும், அந்த மூதாதையின் வழியில் வந்த எவரையும் வெளியே விட்டிருக்கவும் கூடாது. ஆனால் மரத்தில் எந்த உயரத்தில் வெட்டி 'இது குடும்பம்' என்று சொல்வது என்பதற்கு இயற்கை ஒரு குறியும் போட்டு வைக்கவில்லை. அது ஆய்வாளர்களின் தீர்ப்பு. தீர்ப்பு மாறும்போது வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம் நோட்டிலும் எண் மாறும். அமெரிக்காவின் ஸ்கங்க் நீர்நாயின் குடும்பத்தில்தான் இருந்தது. 1997-ல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு தனிக் குடும்பமாகப் பிரிந்தது. டார்ஜிலிங் மிருகக்காட்சிசாலையில் பார்க்கக் கிடைக்கும் சிவப்புப் பாண்டாவை ரக்கூனோடும் கரடியோடும் மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். கடைசியில் அதற்கும் தனிக்குடித்தனம். அதனால்தான் என் நோட்டில் குடும்பத்தின் பெயர் பென்சிலில், பார்த்த விலங்கின் பெயர் பேனாவில்.

நோட்டில் மூன்று பத்தி: காடு, கூண்டு, வீடு. மாடும் நாயும் கழுதையும் வீட்டுப் பத்தியில். மிருகக்காட்சிசாலைக்குள் தானாக ஓடித் திரியும் அணிலும் கீரியும் காட்டுப் பத்தியில்தான், அவற்றை யாரும் அடைத்து வைக்கவில்லையே. சாலையில் அடிபட்டுக் கிடப்பதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆனால் இடமும் நாளும் குறித்து வைக்கிறேன். வால்பாறை மலைப்பாதையில் அப்படிக் குறித்த வரிகள் எனக்கே கனமாக இருக்கின்றன.

கூண்டில் பார்ப்பதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தனிப் பத்தியில் சேர்க்கலாம் என்பது என் முடிவு. காட்டில் சருகுமானை நான் பார்த்தது பத்து விநாடி. திருவனந்தபுரத்தில் நீர்யானைத் தொட்டியின் ஓரத்தில் ஒரு மணி நேரம் நிற்கலாம். மூச்சுவிட மேலே வரும்போது மூக்குத் துளையும் கண்ணும் காதும் ஒரே மட்டத்தில் வருவதைப் பார்க்கலாம். இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் நீர்யானைக்கு மிக நெருங்கிய உறவு திமிங்கிலம். பாகிஸ்தானில் கிடைத்து 2001-ல் அறிவிக்கப்பட்ட பழந்திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பு, மானுக்கும் பன்றிக்கும் இருப்பதைப் போல இரண்டு பக்கமும் கப்பி வடிவில் இருந்தது. மரபணு முன்பே சொன்னதை எலும்பும் சொன்னது. அந்தத் தொட்டி ஓரத்தில் நின்று இதை மகளுக்குச் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் பேசவில்லை.

கூண்டுப் பத்திக்கு ஒரு குறை உண்டு. பெரிய, பகலில் விழித்திருக்கும், ஊட்டி வளர்க்க முடிந்த விலங்குகளே அதில் ஏறும். பாலூட்டிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வௌவால்கள். அவற்றில் பூச்சி தின்னும் குடும்பங்களைத் தேடி இடிந்த கோட்டைக்கும் கோயில் மண்டபத்துக்கும்தான் போக வேண்டும்.

தொடங்க நினைப்பவர்கள் வீட்டு அடுப்படியிலிருந்தே தொடங்கலாம். ராத்திரியில் சுவரோரம் கிரீச்சிட்டபடி ஓடும் மூஞ்சூறு ஒரு தனிக் குடும்பம், சோரிசிடே. பிள்ளையாரின் வாகனம் என்பதால் நமக்குப் பழகியது, எலி என்றே பலர் நினைக்கிறார்கள். அதன் கூர்மூக்கும் சின்னக் கண்ணும் பூச்சி வேட்டைக்கு. எலிக்குப் போல விடாமல் வளரும் உளிப்பல் அதற்கு இல்லை. பூனை பிடித்தாலும் நாற்றம் தாங்காமல் தின்னாமல் போட்டுவிடும். பாலூட்டிகளின் பெரிய மரத்தில் எலியும் நாமும் ஒரு கிளை. மூஞ்சூறு வேறொரு கிளையில் வௌவாலோடும் மாட்டோடும் புலியோடும் உட்கார்ந்திருக்கிறது. எலிக்கு மூஞ்சூறைவிட நாம் நெருக்கம்.

தமிழே ஏறியிருக்கும் ஒரு வரியும் நோட்டில் உண்டு. ஏற்காடு மலையிலும் ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் வாழும், அணில் போலத் தெரிகிற ஒரு சின்ன விலங்கு மூங்கிலணத்தான். அணிலும் அல்லாத, மூஞ்சூறும் அல்லாத டுபாயிடே குடும்பம். அதன் அறிவியல் பெயரின் முதல் பாதி 'அனதானா', நம் அணத்தானிலிருந்தே எடுத்தது. நான் அதைப் பார்த்தது ஏற்காட்டில், பாறைமேல் வாலைத் தூக்கி ஓடும்போது.

இப்போதைக்கு என் நோட்டில் 43 குடும்பங்கள். வாசலுக்கு வெளியே இருந்தும் கைக்கு எட்டாத ஒன்று, பிளாட்டகாந்தோமைடே. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் ஒரு மர எலி, முதுகு மயிருக்கு நடுவே தட்டை முட்கள், வால் நுனியில் தூரிகை. 1859-ல் எட்வர்ட் பிளைத் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் குடும்பத்தில் மிச்சம் இருப்பவர்கள் தென்சீனத்திலும் வியட்நாமிலும். நடுவே எங்கும் யாரும் இல்லை. மரப்பொந்தில் குடியிருந்து இரவில் மட்டும் வெளியே வரும். திருவிதாங்கூர் மலைகளில் மிளகுக்கும் பலாப்பழத்துக்கும் கள்ளுப்பானைக்கும் வந்து தொல்லை தந்ததாகப் பழைய குறிப்புகள் உண்டு.

நெல்லியாம்பதியில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நிழல்மரத்தில் ஏற்றிய கொடிகளில் மிளகு பழுக்கிற தை மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறார். தோட்டத்து நாய்களைக் கட்டிவிட்டு, டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றி, ஒரே மரத்தடியில் உட்கார்ந்திருக்கப் போகிறோம். மகள் இப்போதே 44 என்று எண் போட்டு, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.