ஒரு புரி அறுந்தால் கயிறு அறாது

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கிரிஸ்பர் கத்தரி நாம் சொன்ன மரபணுவை மட்டும்தான் வெட்டும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

உத்தரவாதம் இல்லை. அந்தக் கவலையிலிருந்துதான் எனக்கு மிகவும் பிடித்த ஓர் உத்தி பிறந்தது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிஸ்பர் என்பது மரபணுவை வெட்டித் திருத்தும் முறை. மரபணு, டி.என்.ஏ. இழையில் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கும். கிரிஸ்பரில் கத்தரியாக இருப்பது காஸ்-9 என்ற புரதம். அதனுடன் செல்லும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வில் 20 எழுத்து முகவரி இருக்கும். முகவரி பொருந்தும் இடத்தில் டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் காஸ்-9 வெட்டும். செல் அவசரமாக முனைகளை ஒட்டும்போது ஓரிரு எழுத்துகள் விடுபடும் அல்லது கூடும். மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது என்பதால் அதுவே போதும். "அவன் படகு பெரிது" என்பதில் 'வ' மட்டும் விழுந்தால் "அன்ப டகுபெ ரிது" என்றாகிவிடும். மரபணு செயலிழந்துவிடும்.

முகவரியில்தான் சிக்கல். மனித மரபணுத் தொகுதியில் 300 கோடி எழுத்துகள் உள்ளன. காஸ்-9 சில எழுத்துகள் மாறியிருந்தாலும் பொறுத்துக்கொண்டு வெட்டிவிடும். கேட்காத இடத்தில் விழும் அந்த வெட்டு, நமக்குத் தேவையான வேறொரு மரபணுவைக் கெடுத்துவிடலாம்.

இப்போது தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வாருங்கள். இரண்டு புரியாகத் திரித்த தேங்காய் நார்க் கயிற்றைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு புரி அறுந்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். டி.என்.ஏ. அப்படித்தான், அதைவிட மேலும்கூட! அறுந்த புரியில் எழுத்து ஏதும் போயிருந்தால், அறாத புரியைப் பார்த்து செல் அதே எழுத்தை மீண்டும் எழுதிக்கொள்ளும். 'ஏ'வுக்கு எதிரே 'டி'தான் வரும் என்ற ஜோடி விதி இருப்பதால், எதிர்ப்புரியே மூலப்பிரதி. ஒற்றைப் புரிக் கீறல் பெரும்பாலும் தடயமின்றி ஆறிவிடும்.

ஆகவே காஸ்-9ஐ ஒரு புரியை மட்டும் கீறுவதாக மாற்றினார்கள். அதில் இரண்டு வெட்டுப் பகுதிகள் உண்டு, புரிக்கு ஒன்றாக. 1368 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் புரதத்தில், பத்தாவதாக உள்ள அஸ்பார்ட்டிக் அமிலத்தை எடுத்துவிட்டு அலனினை வைத்தால் ஒரு வெட்டுப் பகுதி ஓய்ந்துவிடும். வெட்டுக்குத் தேவையான மக்னீசிய அயனியைப் பிடித்துக்கொள்வதில் அந்த அமிலத்துக்குப் பங்கு உண்டு; அலனினால் அது முடியாது. 1368இல் ஒன்று! படிக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

பிறகு இரண்டு வழிகாட்டிகளை அனுப்புகிறார்கள். ஒன்று இந்தப் புரியில், மற்றது எதிர்ப்புரியில், அருகருகே. இரண்டு கீறலும் சேர்ந்து விழும் இடத்தில் மட்டுமே கயிறு அறும். ஒரு வழிகாட்டி தவறான இடத்துக்குப் போனாலும் அங்கே ஒற்றைக் கீறல்தான். 2013இல் மனித செல்களில் இதைச் சோதித்தபோது, தவறான வெட்டுகள் 50 முதல் 1500 மடங்கு வரை குறைந்தன.

மரபணுவை முடக்குவது எதற்கு என்று கேட்கலாம். என் உறவினர் வீட்டுக் குழந்தைக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பது தெரிந்ததும், கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று தாயைப் பழித்தார்கள். ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கான பீட்டா குளோபின் மரபணுவின் பழுது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய் முற்றும். அந்தப் பெண் அழுததை நான் மறக்கவில்லை. பிசிஎல்11ஏ என்ற மரபணுவை ரத்த அணுக்களில் அடக்கினால், கருவில் இருந்தபோது சுரந்த ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கும். இந்த அடிப்படையிலான சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதி தந்தது. அதில் பயன்படுவது வழக்கமான இரட்டைப்புரி வெட்டுதான். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். 2020-21 கணக்குப்படி உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்குச் செலவிட்ட இந்தியா இதை மலிவாக்குவது எப்படி? புதுச்சேரியிலும் கடலூரிலும் உள்ள கல்லூரி ஆய்வகங்களுக்குப் பணம் போக வேண்டும் என்று உரத்துச் சொல்வேன்.

மாணவிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரு வழிகாட்டிகளுக்கும் இடையே சுமார் 20 எழுத்துக்குள் இடைவெளி இருந்தால் இந்த உத்தி நன்றாகப் பலிக்கும். மிகவும் விலகினால் பலிக்காது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் காஸ்-9 பற்றிக்கொள்ள இரண்டு 'ஜி' எழுத்துகள் தேவை; எல்லா மரபணுவிலும் அவை வசதியாக வாய்ப்பதில்லை. கீறல் ஆறுவதற்குள் செல் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கத் தொடங்கினால், ஒற்றைக் கீறலும் முழு அறுப்பாகிவிடலாம். அதனால்தான் வேலை முடிந்த பிறகும் அந்தச் செல்களை வளர்த்து, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கிறார்கள்.