405 குதிரைத்திறன் ஏன் குறைவாக இழுக்கிறது?

ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பின் விவரப் பட்டியலைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அமெரிக்காவில் விற்கும் சாதாரண ரேஞ்சருக்கு 2.3 லிட்டர் எஞ்சின், 270 குதிரைத்திறன். காடுமேடு ஓடுவதற்கென்றே செய்த ராப்டருக்கு 3 லிட்டர் வி6, 405 குதிரைத்திறன். ஆனால் முதலாவது 7,500 பவுண்டு இழுக்குமாம், ராப்டர் 5,510 பவுண்டுதானாம். அச்சுப்பிழையா?”

அச்சுப்பிழை இல்லை. கிலோவில் சொன்னால் ஒன்று 3,400, இன்னொன்று 2,500. ஆஸ்திரேலியாவில் விற்கும் ரேஞ்சரிலும் இதே கதைதான்: சாதாரண வண்டிக்கு 3,500 கிலோ, ராப்டருக்கு 2,500. செவர்லே கொலராடோவில் விஷயம் இன்னும் பளிச்சென்று தெரியும். அதே 2.7 லிட்டர் டர்போ, அதே 310 குதிரைத்திறன். சாலை வகை 7,700 பவுண்டு வரை இழுக்கிறது, ஜெட்ஆர்2 என்ற ஆஃப்ரோடு வகை 6,000 பவுண்டோடு நின்றுவிடுகிறது. எஞ்சின் மாறவில்லை. அப்படியானால் குறைந்தது எது?

எஞ்சினை முதலில் ஒதுக்கிவிடலாம். நல்ல கியர் விகிதம் இருந்தால் சின்ன எஞ்சினும் பெரிய பாரத்தை நகர்த்தும், மெதுவாக நகர்த்தும், அவ்வளவே. இழுவைத் திறனை நிர்ணயிக்க, வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்றொரு சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம் என்ற 11.4 மைல் மலைச்சாலையில், 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுக்க வைத்துக்கொண்டு, 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதன் புகழ்பெற்ற பகுதி. அது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் பரீட்சை. ஆனால் அதே முறையில், ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு வளைவில் வண்டி எப்படித் திரும்புகிறது, ட்ரெய்லர் ஆடினால் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்றும் பார்க்கிறார்கள். பிக்கப்புகள் பிரிவது அங்கேதான்.

இனி நெம்புகோலுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அதன் மூக்கு வழியாக, வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்டும் கொக்கி) பந்தின் மேல் உட்கார வேண்டும். இதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் ஆடும், கூடினால் வண்டி தொங்கும். 2,500 கிலோ ட்ரெய்லர், 12 சதவீதம் என்று வைத்தால் பந்தின் மேல் 300 கிலோ. இந்த 300 கிலோ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, அதற்கும் பின்னால் சுமார் 1.4 மீட்டர் தள்ளி. வண்டி ஒரு பலகை, பின் அச்சு அதன் ஆதாரப்புள்ளி. ஒரு முனையில் 300 கிலோவை வைத்தால் மறுமுனை எழும்பத்தானே செய்யும்?

எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். இந்த வகை வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் சுமார் 3.3 மீட்டர். 300-ஐ 1.4-ஆல் பெருக்கி 3.3-ஆல் வகுத்தால் 127. அதாவது முன் சக்கரங்கள் 127 கிலோவை இழக்கின்றன. அந்த 127-ம் பின் அச்சின் தலையில்தான் விழும். 300 கிலோ வைத்தோம், பின் அச்சு உணர்வதோ 427 கிலோ! முன் அச்சு வழக்கமாகத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. ஸ்டீயரிங் லேசாகிறது, பிரேக் பிடிக்கும்போது அதிக வேலை செய்ய வேண்டிய முன் டயர்களுக்குப் பிடிப்பு குறைகிறது, ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கிறது.

பக்கவாட்டிலும் இதே நெம்புகோல் வேலை செய்கிறது, ஆபத்தும் அங்கேதான். பெரிய லாரி ஒன்று வேகமாகக் கடந்து போகும்போது காற்று ட்ரெய்லரை ஒரு பக்கம் தள்ளுகிறது. ட்ரெய்லர் பந்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. பந்து பின் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், வண்டியின் வால் வலது பக்கம் போனால் மூக்கு இடது பக்கம் திரும்பும். இப்போது ஆதாரப்புள்ளியாக நின்று தாங்குபவை பின் டயர்கள். உயரமான பக்கச்சுவரும் ஆழமான கட்டைகளும் கொண்ட 33 அங்குல ஆஃப்ரோடு டயர் பாறையில் வளைந்துகொடுக்கச் செய்தது. அது பக்கவாட்டிலும் வளைந்துகொடுக்கும். ஆக, நெம்புகோலின் ஆதாரப்புள்ளியே ஆடுகிறது. அதன் மேலே மிருதுவான, நீண்ட பயணம் கொண்ட ஸ்பிரிங். சாதாரண ரேஞ்சரின் பின்புறம் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், ராப்டரில் சுருளான காயில் ஸ்பிரிங். அதே 427 கிலோவுக்கு மிருதுவான ஸ்பிரிங் அதிகம் அமிழும், மூக்கு அதிகம் எழும்பும். உயரத்தைக் கூட்டியதால் வண்டியின் ஈர்ப்பு மையமும் மேலே போய்விட்டது. வண்டியின் அடிப்பாகத்தைக் காக்கும் கூடுதல் இரும்புத் தகடுகளின் எடை, வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த வரம்பிலிருந்து கழிகிறது. 405 குதிரைகள் இதில் எதையும் மாற்ற முடியாது.

காயில் ஸ்பிரிங் என்றாலே இழுக்காது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. ஜீப் கிளாடியேட்டருக்குப் பின்னாலும் காயில்தான், அதன் இழுவை வகை 7,700 பவுண்டு இழுக்கிறது. ஸ்பிரிங்கின் வடிவத்தைவிட அதன் விறைப்பும், அச்சுகளுக்கு இடையிலான தூரமும் முக்கியம். கிளாடியேட்டரில் அந்தத் தூரம் 3.49 மீட்டர். மேலே போட்ட கணக்கில் 3.3-க்குப் பதில் 3.49 போட்டால் முன் அச்சின் இழப்பு 127-லிருந்து 120 கிலோவாகிறது.

இந்த இடத்தில் ஒரு மூடநம்பிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். வால் தொங்குகிறதே என்று பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டையோ, காற்றுப் பையோ வைத்துவிட்டால் இழுவைத் திறன் கூடிவிடும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். வண்டி நேராக நிற்கும், அது உண்மை. ஆனால் பலகையின் கணக்கில் ஸ்பிரிங்குக்கு இடமே இல்லை. 300, 1.4, 3.3 மூன்றும் அப்படியே இருக்கின்றன, முன் அச்சு இழந்த 127 கிலோவும் திரும்பி வரவில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரிவதால் ஓட்டுபவர் தைரியமாக வேகம் எடுக்கிறார். இது ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட மோசம்.

எடையை உண்மையிலேயே முன்னால் திருப்பி அனுப்புவது எடைப் பகிர்வு ஹிட்ச். அதில் இரண்டு விறைப்பான கம்பிகள் ஹிட்சிலிருந்து ட்ரெய்லரின் முக்கோணச் சட்டத்துக்குப் போகும். அவற்றை மேல்நோக்கி இழுத்துக் கட்டும்போது, வண்டியின் வாலைக் கையால் தூக்குவதுபோல ஒரு திருப்புத்திறன் பிறக்கிறது. எடையில் ஒரு பங்கு முன் அச்சுக்கும், ஒரு பங்கு ட்ரெய்லரின் அச்சுக்கும் போகிறது. சரிபார்க்க ஒரு டேப் போதும். ட்ரெய்லர் இல்லாமல் முன் சக்கர வளைவின் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாட்டியபின் மறுபடி அளங்கள். 4 செ.மீ. எழும்பியிருக்கிறது என்றால், கம்பிகளை இறுக்கி அதில் பாதியையாவது இறக்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் வேறு அளவு சொல்வார்கள், சிலர் இந்த ஹிட்சே கூடாது என்பார்கள். கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. பள்ளம் மேடான பாதையில் நுழையும் முன் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். வண்டியும் ட்ரெய்லரும் வெவ்வேறு சரிவில் நிற்கும்போது இறுக்கிய கம்பி சட்டத்தையே வளைத்துவிடும்.

காட்டுக்குள் போனால் கதை தலைகீழ். அங்கே மிருதுவாக இருப்பது பலம். ஒரே தண்டான அச்சு சின்னப் பலகைபோல ஆடும்: ஒரு சக்கரம் பாறை மேல் ஏறினால், மறு சக்கரம் கீழே அழுத்தப்படும். நான்கு சக்கரமும் தரையில் இருந்தால்தான் பிடிப்பு. கிளாடியேட்டரில் முன்னாலும் இப்படி ஒரே தண்டு அச்சு, ரூபிகான் வகையில் இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முன் ஆன்டி-ரோல் பாரை ஒரு பொத்தானால் விடுவிக்கவும் முடியும். சாலையில் ஆட்டத்தைத் தடுக்கும் அதே பார், பாறையில் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கிறது.

சக்கரம் அந்தரத்தில் நின்றால் என்ன ஆகும்? அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சமமான திருப்புவிசையைத்தான் தரும். அந்தரத்தில் இருக்கும் சக்கரம் சுழல ஏறக்குறைய ஒன்றுமே தேவையில்லை. அதே ‘ஒன்றுமில்லை’தான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக்கரைப் போட்டால் இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும், விசை பிடிப்பு உள்ள பக்கம் போய்விடும். ராப்டர், ஜெட்ஆர்2, ரூபிகான் மூன்றிலும் முன், பின் இரண்டு லாக்கர். டொயோட்டா டகோமாவின் ஆஃப்ரோடு வகைகளில் பின்னால் மட்டும். பிடிப்பான தரையில் லாக்கரோடு திரும்பினால் வண்டி நேராகவே போகப் பார்க்கும், அச்சுத் தண்டு முறுகும். தடையைத் தாண்டியதும் எடுத்துவிட வேண்டும்.

மெதுவாக ஊர்வதற்கு ரூபிகானை மிஞ்ச இந்தக் கூட்டத்தில் ஆள் இல்லை. தானியங்கி கியரில் முதல் கியர் 4.71, முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் (மெதுவாக ஊரும் விகிதம்) 4, அச்சு 4.10. மூன்றையும் பெருக்கினால் 77. எஞ்சின் 77 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. மற்ற வண்டிகளில் லோ ரேஞ்ச் பெரும்பாலும் 2.5 முதல் 2.7 வரைதான். ஹோண்டா ரிட்ஜ்லைனில் லோ ரேஞ்சே கிடையாது. அது கார்போல ஒரே கூடாகச் செய்த வண்டி, 5,000 பவுண்டு இழுக்கும். மண் சாலைக்கும் படகு இழுக்கவும் அது போதும், பாறைக்கு வேண்டாம்.

ஆகவே எதை எடுப்பது? ட்ரெய்லர் 2,800 கிலோவைத் தாண்டுமானால், இங்கே பேசியவற்றில் சாலை வகை கொலராடோ, சாதாரண ரேஞ்சர், இழுவை வகை கிளாடியேட்டர் ஆகியவற்றைத்தான் பார்க்கச் சொல்வேன். ராப்டரும் ஜெட்ஆர்2-ம் அந்தப் பட்டியலில் இல்லை. டகோமாவின் உச்சம் 6,500 பவுண்டு, சுமார் 2,950 கிலோ. எல்லைக்கு அவ்வளவு அருகில் போக வேண்டாம் என்பேன். 2,000 கிலோவுக்குள் என்றால் ஆஃப்ரோடு வகையை மனநிறைவோடு வாங்கலாம்.

வாங்கும் முன் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமைத் தாளைப் படியுங்கள். ஹிட்ச் பந்தின் எடையும் அந்தச் சுமையில் அடக்கம். 600 கிலோ என்று போட்டிருக்கும் வண்டியில் 3,000 கிலோ ட்ரெய்லரை 12 சதவீதத்தில் மாட்டினால் 360 போய்விட்டது. மீதி 240. மூன்று பெரியவர்கள் ஏறினால் தொட்டியில் ஒரு கூடாரம் வைக்கவும் இடமில்லை. விளம்பரத்தின் இழுவை எண்ணோ, ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும், தலா 68 கிலோ, என்ற கணக்கில் எடுத்தது. அதுவும் தயாரிப்பாளரே சோதித்து, தயாரிப்பாளரே அறிவிப்பது. மோதல் பாதுகாப்பைச் சோதிக்கத் தனி அமைப்புகள் இருப்பதுபோல இழுவைக்கும் பொதுப் பணத்தில் சுதந்திரமான சோதனை வேண்டும், பந்துச் சுமையையும் இழுவை எண்ணின் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பந்துச் சுமையை வீட்டு எடைக்கருவியிலேயே அளக்கலாம், அதுவும் நெம்புகோல்தான். சமதரையில் ட்ரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியிலிருந்து கழற்றி, கனமான பலகை ஒன்றின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையை எடைக்கருவி மேலும் வையுங்கள். ட்ரெய்லரின் மூக்கு, செங்கல்லிலிருந்து 30 செ.மீ., கருவியிலிருந்து 60 செ.மீ. தூரத்தில், இழுக்கும்போது இருக்கும் அதே உயரத்தில் பலகையில் இறங்க வேண்டும். கருவி காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். 100 காட்டினால் 300. போதவில்லை என்றால் சரக்கை முன்னால் நகர்த்துங்கள்: மூக்குக்கும் அச்சுக்கும் 4 மீட்டர் இருந்தால், 100 கிலோவை ஒரு மீட்டர் முன்னே தள்ளினால் பந்தில் 25 கிலோ கூடும்.

ஓடும்போது ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கண்ட்ரோலர் இருந்தால் அதை மட்டும் கையால் அழுத்துங்கள். வண்டியின் பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லர் பின்னாலிருந்து நெருக்கித் தள்ளும், ஆட்டம் பெரிதாகும்.

காட்டில் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கியிருப்பீர்கள். டயர் நீளமாகப் படிந்து மணலில் புதையாமல் போக அது உதவியது. ட்ரெய்லரை மறுபடி மாட்டும் முன், கதவுத் தாளில் உள்ள அளவுக்குப் பின் டயர்களில் முதலில் காற்றை ஏற்றுங்கள்.